கூழ்முட்டையின் காரணம் அறிதல்: முதன்முறை குஞ்சு பொரிக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

பொரியாமற்போன முட்டை எதுவாயினும் அதைக் கூழ்முட்டை என்று ஒரே பெயரிட்டுக் குப்பையில் எறிவது நம் கிராமங்களின் வழக்கம். சேவல் சேராத முட்டையும் கூழ்முட்டை. மூன்றாம் நாள் கரு மடிந்ததும் கூழ்முட்டை. இருபதாம் நாள் ஓட்டைக் கொத்தித் துளையிட்டு, வெளிவர மாட்டாமல் இறந்த குஞ்சைத் தாங்கிய முட்டையும் கூழ்முட்டையே. பெயர் ஒன்றாயிருப்பதனால் காரணமும் ஒன்றாகவே இருக்குமென்று எண்ணி, புதிதாக இத்தொழிலில் இறங்குபவர் அவசரப்பட்டு ஏதேனும் ஒரு பரிகாரத்தைச் செய்துவிடுகிறார். நல்ல சேவலைச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார். அல்லது கடன்பட்டு வாங்கிய பொரிக்கும் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார். அடுத்த தடவை வேறு சேவலும் வேறு பெட்டியும் வந்த பிறகும் முட்டைகள் முன்போலவே கெட்டால், தொழிலையே விட்டுவிடுகிறார்.

அரக்கோணம், திருத்தணித் தாலுகாக்களில் நாட்டுக்கோழி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அடைக்கோழியை நம்பியிருந்த காலம் போய், ஐம்பது, நூறு முட்டை கொள்ளும் சிறு மின்சாரப் பெட்டிகள் வீடுகளுக்கு வந்துவிட்டன. ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா, பெங்களூரில் உருவாக்கப்பட்ட கிரிராஜா முதலிய இனங்கள் அடைகாக்கும் இயல்பு குறைந்தவையாதலால் அவற்றை வளர்ப்பவர்களுக்குப் பெட்டி இன்றியமையாததாகிறது. ஆகவே முதல் தடவை நஷ்டம் என்பது இனிமேல் பத்து முட்டை நஷ்டமன்று. ஒரு குடும்பத்தின் சில மாத வருமானம்.

கெட்ட முட்டையைத் தூர எறியாமல் உடைத்துப் பார்ப்பவர்க்கு அது தன் மரண நாளைச் சொல்லிவிடும். நாள் தெரிந்தால் காரணத்தில் பாதி தெரிந்தது போலாகும். இது புதிய உபாயமன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே, மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்ததும் முட்டைக்குள் இருதயம் ஓர் இரத்தப் பொட்டைப் போலத் துடிப்பதைக் கண்டு எழுதிவைத்தார். நமக்கோ உடைப்பதற்கு முன்னரே பார்க்க டார்ச்சு விளக்கு இருக்கிறது.

இருட்டறையில், முட்டையின் அகன்ற முனையில் விளக்கை ஒட்டிப் பிடித்து, ஏழாம் நாள் இரவு எல்லா முட்டைகளையும் பார்க்கவேண்டும். நடுவில் ஒரு கரும்பொட்டும் அதைச் சுற்றிச் சிலந்தியின் கால்களைப்போல் பரவிய செந்நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடிருக்கிறது. நரம்புகள் இன்றி, மோதிரம்போல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் காணப்பட்டால் இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் கரு மடிந்துவிட்டது. ஒன்றுமே இன்றி, வைத்த அன்று போலத் தெளிவாக இருந்தால், அதைச் சேவல் சேராத முட்டை என்று அங்கத்தினர் பலரும் தீர்மானித்துவிடுகின்றனர். இந்தத் தீர்மானத்தில்தான் பெரும்பிழை நேர்கிறது. பழுப்பு ஓட்டு நாட்டு முட்டையில் உள்ளே இருப்பது எளிதில் தெரியாது என்பது ஒரு புறமிருக்க, இரத்தம் ஊறுவதற்கு முன்பே மடிந்த கருவும் விளக்கில் தெளிவான முட்டையாகவே தோன்றும்.

வேறுபாட்டை அறிய வழி ஒன்றே. தெளிவான முட்டையை ஒரு வெள்ளைத் தட்டில் மெதுவாக உடைத்து, மஞ்சட்கருவின் மேற்புறத்தை நோக்குக. கருவுறாத முட்டையில் மிளகளவுகூட இல்லாத, ஓரம் ஒழுங்கற்ற வெண்புள்ளி ஒன்று காணப்படும். கருவுற்று மடிந்ததில் அப்புள்ளி விரிந்து, விரல்நகம் அளவுக்குப் பாலாடை படர்ந்தாற்போல் இருக்கும். முதலாவதாயின் சேவலைப் பற்றி விசாரிக்கலாம்: ஒரு சேவலுக்குப் பத்துப் பெட்டைக்கு மேல் இருக்கின்றனவா, சேவலுக்கு வயது கடந்துவிட்டதா, காலில் புண்ணுண்டா, கோடை வெப்பத்தில் சோர்ந்திருக்கிறதா என்று. இரண்டாவதாயின் சேவல் தன் கடமையைச் செய்துவிட்டது. அதனைக் குறை கூற வேண்டாம்.

நம் வட்டாரத்தில் இந்த இரண்டாம் வகையே கோடையில் மிகுதியாக எதிர்பார்க்கத் தக்கது. அதன் காரணத்தைச் சற்று விரித்துரைப்பது அவசியம். கோழி முட்டையிடும்போதே, சேவல் சேர்ந்த முட்டையிலுள்ள கருமுளை பெட்டையின் உடற்சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் வளர்ந்து, பல்லாயிரம் அணுக்களாகப் பிரிந்திருக்கிறது. வெளியே வந்து குளிர்ந்ததும் அது உறங்கிவிடும். விதைக்குள் முளை உறங்குவது போலத்தான். அவ்வுறக்கத்திற்கு வேண்டிய குளிர்ச்சி ஏறக்குறைய 21 டிகிரி சென்டிகிரேடு, அதாவது பாரன்ஹீட்டில் 70. அதற்கு மேல் உஷ்ணம் இருந்தால் முளை முழுமையாக உறங்குவதுமில்லை, ஒழுங்காக வளர்வதுமில்லை. அரைகுறையாக வளர்ந்து பலவீனமடைந்து, பெட்டிக்குள் வைத்த ஓரிரு நாளில் மடிகிறது.

முருகன் சினம் தணிந்த தலமாதலால் தணிகை என்று பெயர் பெற்றதாகச் சொல்வர். கோடை வெப்பமோ அங்கே தணிவதாகக் காணோம். வானிலை நிலையத்தார் வெளியிடும் பட்டியல்களில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களுள் திருத்தணி கோடைதோறும் இடம்பெறுகிறது. பங்குனி முதல் ஆவணி வரை இங்கே நடுநிசியிலுங்கூட அறையின் உஷ்ணம் 21-க்கு இறங்குவது அரிது. குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்ட கையேடுகள் முட்டையை ஏழு முதல் பத்து நாள் வரை சேர்த்து வைக்கலாம் என்கின்றன. அவர்கள் அறை நம் அறையன்று. குளிர்ந்த அறை இல்லாத அங்கத்தினர், கோடையில் மூன்று நாளுக்கு மேற்பட்ட முட்டையைப் பொரிக்க வைக்காதிருப்பதே நலம். மார்கழி, தை மாதங்களில் ஒரு வாரம் வரை பொறுக்கலாம்.

இட்ட தேதியை ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எழுதுக, மை வேண்டாம். நாட்டுப்பெட்டை பன்னிரண்டு முட்டையிட இரண்டு வாரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அவ்வளவையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பவர், முதலில் இட்ட நான்கைந்தையும் கெட்டுப்போன நிலையிலேயே வைக்கிறார். அவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு கடைசியில் இட்டவற்றையே வைத்தால் நஷ்டம் தோன்றாது. சேமிப்பதற்கு நம் பாட்டிமார் கைக்கொண்ட மட்பானை முறை சிறந்தது: நிழலில் ஈரமணல் பரப்பி, அதில் பானையைப் பாதி புதைத்து, பானைக்குள் காய்ந்த உமியிட்டு, கூர்முனை கீழாக முட்டைகளை அடுக்கி, ஈரத்துணியால் வாயை மூடுதல். வறண்ட பகலில் பானைக்குள் வெளியைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். ஈரம் மணலோடும் துணியோடும் நிற்கவேண்டும். முட்டையின் மேல் நீர் பட்டால் ஓட்டின் நுண்துளைகள் வழியாக அழுகற்கிருமி உட்புகும். அழுக்கு முட்டையைக் கழுவி வைப்பதும் அதே கேட்டைத் தரும். பெட்டிக்குள் துர்நாற்றத்தோடு வெடிக்கும் முட்டைகளில் பல அவ்வாறு கழுவப்பட்டவையே.

இவ்வுண்மையை மறுபுறமாகப் பயன்படுத்துவதும் உண்டு. 1924-ல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் நிறுவிய கிராம புனருத்தாரண நிலையத்தில் கோழி வளர்ப்பும் கூட்டுறவு முட்டை விற்பனையும் முக்கிய இடம் பெற்றன. விற்பனைக்கான முட்டை நம் வெயிலில் கெடாதிருக்க, சேவலைப் பெட்டைகளிலிருந்து பிரித்துவைப்பதே எளிய வழி. முளையில்லாத முட்டையில் வளர ஒன்றுமில்லை. பொரிக்கும் முட்டைக்கும் விற்கும் முட்டைக்கும் தனித்தனி அடைப்பு வைக்கக் கூடியவர்கள் அவ்வாறு செய்க.

இனி, குற்றம் முட்டையினுடையதா, பெட்டியினுடையதா என்று பிரித்தறிவது எப்படி? தனி ஒருவர் இருபது முட்டை வைத்துப் பத்துக் கெட்டால் அதிலிருந்து உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. சங்கமாகச் சேர்ந்தவர்களுக்கோ இது எளிது. ஐந்து வீட்டார் தலைக்குப் பன்னிரண்டு முட்டை கொணர்ந்து ஒரே பெட்டியில் அறுபது முட்டை வைத்தார்கள் என்று கொள்வோம். வீட்டின் அடையாள எழுத்தை முட்டையில் எழுதவேண்டும். முதல் வீட்டு முட்டையில் ஒன்பதும், மற்ற நான்கு வீடுகளில் ஒன்றோ இரண்டோ தெளிவாய் நின்றால், பெட்டியில் குறையில்லை. முதல் வீட்டுச் சேவலையும் சேமிப்பையும் சோதிக்கவேண்டும். ஐந்து வீட்டு முட்டைகளிலும் நான்கு நான்கு ஒரே பருவத்தில் மடிந்திருந்தால் எவர் வீட்டுக் கோழியையும் பழிக்க இடமில்லை, பெட்டியே குற்றவாளி. கிராமத்தில் ஒருவர் கொடுத்த முட்டையைப் பற்றி மற்றவர் மனத்தாங்கல் கொள்வது சகஜம். பென்சிலால் எழுதிய ஓரெழுத்து அந்தப் பேச்சைத் தீர்த்துவிடும். நகரிப் பக்கத்துச் சந்தையிலிருந்து பஸ்ஸில் கொணர்ந்த முட்டையாயின் அதற்கும் தனிக்குறி இடுக. பயணத்தில் குலுங்கிய முட்டையை அகன்ற முனை மேலாக ஒரு நாள் அசையாமல் வைத்த பின்னரே பெட்டிக்குள் வைக்கவேண்டும்.

பெட்டியின் குற்றங்களில் முதன்மையானது உஷ்ணம். விசிறியுள்ள பெட்டியில் 37.5 டிகிரி சென்டிகிரேடு, பாரன்ஹீட்டில் 99.5 வேண்டும். விசிறியற்ற பெட்டியில் மேலும் கீழும் உஷ்ணம் மாறுபடுமாகையால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 101 முதல் 102 பாரன்ஹீட் வரை இருத்தல் வேண்டும். எகிப்து தேசத்தார் பண்டைக்காலம் முதல் களிமண் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்துவந்தனர். அவர்களிடம் உஷ்ணமானி இல்லை. முட்டையைக் கண்ணிமையில் வைத்துச் சூட்டை உணர்ந்தனர். 1749-ல் ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இம்முறையைத் தம் நூலில் விவரித்துள்ளார். நம் பெட்டிகளில் எண் காட்டும் கண்ணாடி இருக்கிறது. அந்த எண் மெய்யா என்பதுதான் கேள்வி. விலை குறைந்த பெட்டியின் எண் ஒரு டிகிரி தவறினாலும் இருபத்தொரு நாளில் அதன் விளைவு பெரிது. ஆகையால் முதல் முட்டையை வைக்குமுன், வீட்டுக் காய்ச்சல்மானியையும் பெட்டிக்குள் வைக்கும் உஷ்ணமானியையும் 100 டிகிரி பாரன்ஹீட் அளவான வெந்நீரில் சேர்ந்தாற்போல் அமிழ்த்தி ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுக. பின்பு பெட்டியை ஒரு நாள் முழுவதும் முட்டையின்றி ஓட்டிப் பார்க்கவேண்டும்.

கோடையில் மற்றொரு ஆபத்து உண்டு. பெட்டி விற்பவர் இதைச் சொல்வதில்லை. இச்சிறு பெட்டிகள் சூடேற்ற வல்லவையேயன்றிக் குளிரவைக்க வல்லவையல்ல. தகரக் கூரையின் கீழ் அறை 41 டிகிரியானால் பெட்டி தன் விளக்கை அணைத்துவிடும். ஆனால் உள்ளிருக்கும் முட்டையும் 41 டிகிரிக்கு ஏறும். சூடு குறைவதைக் காட்டிலும் மிகுவதே கருவுக்குப் பெருந்தீங்கு. தாய்க்கோழி தினம் கால் மணி நேரம் இரைதேட எழுந்து போவதனால் முட்டை கெடுவதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மின்சாரம் ஓரிரு மணி நின்றால் பதற்றம் வேண்டாம். மூடியைத் திறவாதிருந்தால் போதும். தடித்த மண்சுவரும் ஓலைக்கூரையும் உள்ள அறை பெட்டிக்கு ஏற்றது. அவ்வசதி இல்லாதவர் சித்திரை நடுவிலிருந்து கத்திரி வெயில் தீரும்வரை பெட்டியை ஓய்வில் வைப்பதே லாபம். பெட்டி அதிகச் சூட்டில் இருந்தமைக்கு அடையாளம், பத்தொன்பதாம் இருபதாம் நாளிலேயே சிறிய குஞ்சுகள் தொப்புள் ஆறாமல் வெளிவருதல். இருபத்திரண்டு, இருபத்து மூன்றாம் நாள்வரை இழுத்துக்கொண்டே போனால் சூடு போதவில்லை.

ஈரம் என்னும் விஷயத்தில் கையேட்டைக் கண்மூடிப் பின்பற்றுவது தகாது. முட்டை தன் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டளவு நீரைப் பதினெட்டு நாளில் ஆவியாக இழக்கவேண்டும். அப்போதுதான் காற்றறை போதிய அளவு பெருகிக் குஞ்சு முதல் மூச்சை இழுக்க இடமுண்டாகும். பத்து நாட்டு முட்டை 450 கிராம் இருந்தால், ஏழாம் நாள் 430-ஐ ஒட்டியும், பதினெட்டாம் நாள் 396-ஐ ஒட்டியும் நிற்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறைக்காற்றே ஈரம் நிறைந்தது. அப்போது நீர்த்தட்டுகளை நிரப்பி வைத்தால் எடை இறங்காது. குஞ்சு வீங்கி, நீர்கோத்து, ஓட்டுக்குள்ளேயே மூச்சுத் திணறி மடியும். பங்குனியின் வறண்ட காற்றிலோ ஒரு தட்டு நீர் போதாது. சமையற்கட்டிலுள்ள சிறு மின்தராசு ஒன்று இவ்விஷயத்தில் எந்த ஈரமானியைக் காட்டிலும் நம்பத்தக்கது.

திருப்புதலைப் பற்றி ஒரு நுட்பம். நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை, ஒற்றைப்படையாகத் திருப்பவேண்டும். இல்லையேல் நீண்ட இரவு முழுவதும் முட்டை எப்போதும் ஒரே பக்கமாகக் கிடக்கும். ஒரு பக்கம் பெருக்கற்குறியும் மறுபக்கம் சுழியும் இடுக. முதல் வாரத்தில் திருப்பாது விட்டதன் பயன் முதல் வாரத்தில் தெரியாது. பதினைந்து, பதினெட்டாம் நாளில் மரணமாக வெளிப்படும். மரண நாளே எப்பொழுதும் குற்ற நாள் அன்று என்பதற்கு இதுவே உதாரணம். தானே திருப்பும் பெட்டி வைத்திருப்பவர்கள் அது மெய்யாகவே திருப்புகிறதா என்று குறியைக் கொண்டு பார்க்கவேண்டும். பல் தேய்ந்த சக்கரம் ஓசையிட்டுக்கொண்டே சும்மா நிற்பதுண்டு.

நடுப்பருவத்தில், அதாவது எட்டு முதல் பதினேழு நாளுக்குள், பல முட்டைகள் மடிந்தால் திருப்புதலோடு தாய்க்கோழியின் தீனியையும் சோதிக்கவேண்டும். தவிடும் நொய்யும் மட்டும் தின்னும் அடைத்த கோழியின் முட்டையில் குஞ்சு உருவாகப் போதிய உயிர்ச்சத்து இராது. இறகு சுருண்ட குஞ்சு இதற்கு அடையாளம். மேய்ச்சலும், முருங்கை அகத்திக் கீரைகளும், கிளிஞ்சல் தூளும் கொடுக்கப்படும் கோழிக்கு இக்குறை அரிது. நோயிலிருந்து எழுந்த கோழியின் மெல்லோட்டு முட்டையும் பொரிக்க உதவாது. வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து, 1932-ல் நிறுவப்பெற்ற இராணிப்பேட்டை நிலையத்தில் நம் அருகிலேயே தயாராகிறது. அதைக் கால்நடை மருந்தகத்தின் மூலம் காலத்தில் போட்டுக்கொள்வது பொரிப்புக்கும் நன்மையே.

பதினெட்டாம் நாள் திருப்புதலை நிறுத்தி, நீரைக் கூட்டி, காற்றுத்துளைகளைத் திறந்துவிட்டு, பின்பு மூடியைத் தொடாதிருத்தல் வேண்டும். புதியவர்களுக்கு இம்மூன்று நாட்களே மிகக் கடினமானவை. உள்ளே குரல் கேட்டதும் திறந்து பார்க்க ஆவல் எழும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஈரம் வெளியேறி, துளையிட்ட முட்டையின் உட்சவ்வு தோல்போல் உலர்ந்து குஞ்சைக் கட்டிவிடும். இறகு ஓட்டோடு ஒட்டி மடிந்த குஞ்சு அவ்வாறு இறந்ததே. ஓட்டை நகத்தால் கிள்ளி உதவ முற்படுவோர் பெரும்பாலும் இரத்தக் குழாயைக் கிழித்துவிடுகின்றனர். கூர்முனைப் பக்கம் துளையிட்டு மடிந்தவை மிகுதியாயின், முட்டைகளைத் தலைகீழாக அடுக்கினோமா என்று பார்க்க.

அடைக்கோழியிடம் வைப்பவர்க்கு உஷ்ணமானியும் தராசும் வேண்டா, அவள் அறிவாள். அங்கே பார்க்கவேண்டியவை மூன்று: பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காமை; பேன் தொல்லையால் கோழி எழுந்து எழுந்து போகிறதா என்பது; முட்டையின் வயது. கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் இடுவதைப் பல வீடுகளில் காணலாம். இடிச் சத்தத்தில் முட்டை கெடாதிருக்க என்பார்கள். அதனால் தீங்கொன்றுமில்லை. ஆனால் கோடையிடி முழங்கும் சித்திரை, வைகாசி மாதங்களே முட்டை வெப்பத்தால் கெடும் மாதங்களுமாகும். பழி இடிக்கும், குற்றம் வெயிலுக்கும் உரியவை என்பது எம் கருத்து.

சங்கத்தில் இதற்கென ஒரு நோட்டுப்புத்தகம் வைக்கலாம். 1904-ல் திருவள்ளூரை அடுத்த திரூரில் நம் மாகாணத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது முதல் கணக்கெழுதுதல் நம் பக்கத்தாருக்குப் பழகிய வேலையே. வைத்த தேதி, வீட்டின் குறி, முட்டை எண்ணிக்கை, கருவுறாதவை, முதல் வாரத்தில் மடிந்தவை, நடுவில் மடிந்தவை, கடைசியில் மடிந்தவை, பொரித்தவை என்று எட்டுக் கட்டங்கள் போதும். பொரித்தவற்றைக் கருவுற்ற முட்டைகளோடு மட்டுமே ஒப்பிட்டு நூற்று வீதம் காண்க. கருவுறாதவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் சேவலின் குறை பெட்டியின் தலையில் ஏறும். இருபத்திரண்டாம் நாள் மாலை, பொரியாதவற்றை வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில், ஈரத்துணியால் மூடி ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக் கட்டங்களை நிரப்பியபின், நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கவேண்டும். பெட்டியை அன்றே சோப்பு நீரால் கழுவி வெயிலில் காயவைத்து, அடுத்த முட்டைகளை இரண்டு நாள் கழித்து வைக்கலாம்.